மீட்டர் யார் பெயரில்?

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். 200 யூனிட்டாக இருந்தது 2023 மார்ச்சில் 300 ஆனது. விசைத்தறிக்கும் அப்போதே 750 யூனிட்டிலிருந்து 1000 ஆக உயர்த்தினார்கள். ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று தறிச்சத்தம் கேட்கிற ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. குழித்தறியில் உட்கார்ந்தவருக்குப் பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். அறுந்த பட்டு இழையைக் கண்டுபிடித்துப் பிணைக்க வேறு வழி கிடையாது. சித்திரை வெயிலில் மின்விசிறியும் வேண்டும். 75 வாட் மின்விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். ஜக்கார்டு பெட்டிக்கு மோட்டார் பூட்டியிருந்தால் இன்னும் கூடும்.

இந்த 300 யூனிட் யாருக்குப் போகிறது? மின் இணைப்பு எண்ணுக்குப் போகிறது. மின்கட்டண ஆணையில், நெசவாளர் வீட்டில் உள்ள கைத்தறிக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று சொல்லும் இடத்தில் ஒரு வரி உண்டு. வெளி ஆள் வைத்து நெய்தாலும் நெய்யாவிட்டாலும் அது பொருந்துமாம். அந்த 'வெளி ஆள்' யார் என்று நமக்குத் தெரியும். விடிந்ததும் சேரியிலிருந்து தூக்குச்சட்டியோடு கிளம்பி, அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். நெசவாளர் பெயரால் வருகிற சலுகை தறிக்கொட்டகையின் மீட்டரோடு நின்றுவிடுகிறது. அவர் வீட்டு மீட்டருக்கு, எல்லா வீடுகளுக்கும் 2016 மே மாதம் அறிவித்த அந்த 100 யூனிட் மட்டும்தான். அதுவும் வீட்டில் அவருக்கென்று ஒரு மீட்டர் இருந்தால்.

நெசவு நமக்கு நேற்று வந்த தொழில் என்று சிலர் பேசுவதுண்டு. 1901ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் குடிக்கணக்கைப் புரட்டினால், கோலியர் என்ற நெசவுச் சாதியார் ஆதியில் பறையர்களே என்ற குறிப்பு கிடைக்கும். முரட்டுத் துணி நெய்த கைகள் இருந்தன. தறியும் நூலும் வாங்கும் முதல்தான் இல்லை. பட்டுக்கு வந்தபோதும் அதே கதை. ஆரணியின் கடைகளையும் ஆலைகளையும் தறிகளையும் 1970-களின் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தவர் பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற பொருளியலாளர். நாற்பது ஆண்டு மாற்றங்களைத் தொகுத்த நூல் 2016இல் வந்தது. ஊர் வளர்ந்த பிறகும் முதலாளி யார், கூலி யார் என்பதில் சாதியின் கை ஓயவில்லை என்பதை அவரது எழுத்தில் பார்க்கலாம். நம் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய வேலை அது. நம் ஊரைப் பற்றி வெளிநாட்டார் எழுதித்தான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இப்போது மீட்டருக்கு வருவோம். தாத்தா பெயரில் ஒரே ஓர் இணைப்பு. தாத்தா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் மூவரும் அதே மனையில் தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டார்கள். மீட்டர் மட்டும் பிரியவில்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தனி மீட்டராக இருந்தால் 100 யூனிட் போக, மீதி 80 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம் 188 ரூபாய். மூன்று வீட்டுக்கும் சேர்த்து 564 ரூபாய். ஒரே மீட்டரில் ஓடினால் மொத்தம் 540 யூனிட். 500ஐத் தாண்டியதும் கணக்கே மாறிவிடும். 101 முதல் 400 வரை 4.70, அடுத்த நூறுக்கு 6.30, மிச்ச நாற்பதுக்கு 8.40. கூட்டினால் 2,376 ரூபாய்! எரிந்தது அதே விளக்கு, சுற்றியது அதே விசிறி. அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்கட்டும் என்று போட்ட படிக்கட்டு, மனையைப் பிரிக்க வசதியில்லாத மூன்று ஏழைக் குடும்பங்களை ஒரு பணக்காரக் குடும்பமாக எண்ணிவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற இந்தத் தொகைக்கு நெசவுக் கூலியில் எத்தனை நாள் போகும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாடகை வீட்டுக்காரர் பாடு இதைவிட மோசம். வீட்டுக்காரர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்கினால், 150 யூனிட்டுக்கு 1,200 ரூபாய். தன் பெயரில் இணைப்பு இருந்தால் இதே 150 யூனிட்டுக்கு 117 ரூபாய் 50 காசு. அரசு கொடுக்கும் 100 யூனிட்டுக்கும் சேர்த்தே காசு வாங்கப்படுகிறது. 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, குடியிருப்பவர் தன் ஆதாரை இணைக்கவும் வழி இருந்தது. ஆனால் வாடகைக்காரர் நாளைக்கு உரிமை கொண்டாடுவாரோ என்று பயந்து, தங்கள் ஆதாரையே கொடுத்த வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர்.

மின்சாரம் நம்மவர் அக்கறைக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒரு செய்தி. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரிடம்தான் மின்சாரமும் இருந்தது. 1943 அக்டோபரில் பொதுப்பணி, மின்சாரக் கொள்கைக் குழுவில் பேசும்போது, மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் இந்நாட்டில் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை தீராது என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு மத்திய மின் தொழில்நுட்ப வாரியம் அமைந்தது.

சட்டமும் நமக்கு எதிராக இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, இடத்தின் உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் தரவேண்டும் என்கிறது. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி, உரிமையாளர் படிவம் 5இல் சம்மதம் கொடுத்தால் போதும். அவர் மறுத்தால், முறையாகக் குடியிருப்பதற்கான ஆதாரத்தோடு படிவம் 6இல் உறுதிப்பத்திரம் எழுதிக்கொடுத்து, இரண்டு மடங்கு காப்புத்தொகை கட்டி இணைப்பு கேட்கலாம். அந்த இரண்டு மடங்குதான் இடிக்கிறது. இணைப்புக்கும் ஒயரிங்குக்கும் ஏற்கெனவே சில ஆயிரம் வேண்டியிருக்க, சம்மதம் கிடைக்காதவரிடமே கூடுதலாகக் கேட்பது என்ன நியாயம்? பட்டியல் சாதி விவசாயியின் மின் இணைப்புக்குத் தாட்கோ 90 சதவீதம் மானியம் கொடுக்கிறது. பம்புசெட்டுக்குச் செய்வதைக் கூலி நெசவாளரின் வீட்டு மீட்டருக்கும் செய்யலாம்.

கைத்தறிச் சலுகையையும் இணைப்பு எண்ணிலிருந்து அவிழ்த்து ஆளோடு கட்ட வேண்டும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் கூலிக்கு நெய்பவரும் நெசவாளராகத்தான் எண்ணப்பட்டார். அடையாள அட்டையும் அவருக்கு உண்டு. அந்த அட்டையைக் காட்டினால் அவர் வீட்டு இணைப்புக்கும் 300 யூனிட் என்று ஓர் அரசாணை போதும். தறி வைத்திருப்பவரின் சலுகையைப் பிடுங்கச் சொல்லவில்லை. அவரும் பலநேரம் கடனில்தான் நெய்கிறார்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. மனையில் தனிக் குடித்தனமாகப் பிரிந்து வாழ்பவர்கள் தனி இணைப்புக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வாய்வார்த்தையாக 'ஆகாது' என்றால் விட்டுவிடாமல், காரணத்தை எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மின்னகம் 94987 94987 எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். ஒவ்வொரு படியிலும் புகார் எண்ணையும் ரசீதையும் வாங்கி, மின் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.