கூரையைத் தூக்கும் காற்று

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டம் ஒன்றின் வரப்பில் நின்று பாருங்கள். உள்ளே இருக்கும் கல்தூண்கள் நேராக நிற்கும். ஓரத்துத் தூண்கள் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்ந்த தூணின் தலையிலிருந்து ஒரு கம்பி இறங்கி மண்ணுக்குள் போகும். அதன் மறுமுனையில் ஒரு கல் புதைந்திருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இப்படிப்பட்ட பந்தலில்தான் காய்த்துத் தொங்குகிறது. கொடியின் பாரத்தில் கம்பிவலை தொய்ந்து ஓரத்தூண்களை உள்ளே இழுக்கப் பார்க்கும். சாய்வும் புதைகல்லும் அந்த இழுப்புக்குப் போட்ட எதிர் இழுப்பு.

இந்தக் கட்டுமானம் திராட்சைக்கு மட்டும் உரியதன்று. கேரவன் என்னும் வீட்டுவண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. அடுத்த ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. தேனியிலிருந்து கம்பம், குமுளி வழியாக மலையேறினால் அந்தப் பக்கம் போய்விடலாம். இவ்வகை வண்டிகள் பலவற்றின் பக்கவாட்டில் ஒரு துணிக்கூரை சுருட்டியிருக்கும். நிறுத்திய இடத்தில் அதை விரித்து, வெளி ஓரத்தில் இரண்டு கால் ஊன்றிவிட்டால் வண்டிக்கு ஒரு திண்ணை கிடைத்துவிடும். ஆனால் வழியில் கம்பத்தில் அந்தத் திண்ணையை விரிப்பதானால், அது காற்றுக்குப் பேர்போன ஊர்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கத் தாழ்ந்த வாசல்களைத் தேடும். தமிழகத்துக்குள் அது பாய்ந்துவரும் வழிகளாக ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய நான்கையும் சொல்வார்கள். காற்றாலைகள் நிறைந்திருப்பதும் இந்த வழிகளில்தான். கம்பத்துக்கு மேற்கே கம்பம்மெட்டு மலைகள், கிழக்கே மேகமலை. நடுவில் சிக்கிய காற்று பள்ளத்தாக்கின் நீளவாக்கில் தேனியை நோக்கி ஓடுகிறது. மழையின் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருவதால், ஆனி, ஆடி மாதங்களில் இங்கே மழையைவிடக் காற்றுதான் அதிகம்.

அந்தக் காற்றின் பலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 72 கிலோமீட்டரில் அது 24 கிலோ. பக்கத்துக்கு 3 மீட்டர் உள்ள சதுரக் கூரையின் பரப்பு 9 சதுர மீட்டர். பலத்த வீச்சில் அதன்மேல் 200 கிலோவுக்கு மேற்பட்ட விசை விழலாம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 25 கிலோ அம்மியைத் தனியே தரையில் வைத்தால் எந்த ஆடியிலும் அது பறக்காது. அதே அம்மிகள் நான்கை இந்தத் துணியின் நான்கு மூலையிலும் கட்டுங்கள். நான்கும் சேர்ந்து 100 கிலோதான். துணி அவற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

தூக்கிக்கொண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். காற்று கூரையைத் தள்ளிச் சாய்த்துவிடும் என்றே பலரும் அஞ்சுகிறோம். தூக்கல்தான் அதைவிடப் பெரிய ஆபத்து. புடைத்த துணியின் மேலே காற்று வேகம் கூடி ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. அடியில் புகுந்த காற்று வண்டியின் சுவரில் முட்டி, போக வழியின்றித் தேங்குவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. மேலே உறிஞ்சல், கீழே உந்தல். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. அதனால் முதல் பாதுகாப்பு, வண்டியை நிறுத்தும் விதத்தில் இருக்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கூரையின் திறந்த வாய் மேற்கையோ தெற்கையோ பார்க்கக் கூடாது. காற்றுக்கு வண்டியின் முதுகைக் காட்டி, அதன் மறைவில் கூரையை விரிக்க வேண்டும்.

அடுத்தது கயிறு. கால்கள் கூரையின் எடையைத் தாங்கும். மேலே எழாமல் பிடித்துவைப்பது கயிற்றின் வேலை. கயிறு செங்குத்தாக இறங்கினால் முளையை நேராக மேலே பிடுங்கிவிடும். தரையோடு படுத்தாற்போல் ஓடினால் தூக்கலைத் தடுக்கும் பங்கு குறைந்துவிடும். 45 பாகைக்குப் பக்கத்தில் இரண்டுக்கும் பொருத்தம் அமைகிறது. முளையின் தலை வண்டிக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். அப்போது கயிறு முளையைக் குறுக்காக இழுக்கும். முளையின் நீளம் முழுவதும் மண்ணில் அழுந்தி எதிர்த்து நிற்கும்.

முல்லையாற்றங்கரை மணலிலும் தண்ணீர் பாய்ந்த வயலோரத்திலும் முளை நிலைக்காது. அங்கே திராட்சைக்காரர்களின் புதைகல் கைகொடுக்கும். கயிற்றின் முனையில் ஒரு கல்லையோ கட்டையையோ கட்டி, இரண்டடி ஆழத்தில் படுக்கவைத்து, மேலே மண்ணைத் தள்ளி மிதித்து இறுக்க வேண்டும். கல் 10 கிலோதான் இருக்கலாம். ஆனால் அது மேலே வர வேண்டுமானால், தனக்கு மேலே அகன்று விரியும் மண் முழுவதையும் பெயர்த்துக்கொண்டுதான் வர முடியும். இறுகிய மண் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,600 கிலோ. கால் கன மீட்டர் மண் பெயர்ந்தாலே 400 கிலோ ஆகிவிடும். பத்துக் கிலோ கல்லைக் கொண்டு பூமியின் எடையை வாங்கிக்கொள்ளும் இந்த உத்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

துணியின் வடிவத்திலும் இதே இழுப்புதான் பேசுகிறது. தொய்ந்த துணி காற்றில் படபடத்து, தைத்த இடத்தில் கிழியும். ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ, 1955இல் காஸல் நகரத் தோட்டக் கண்காட்சியில் ஒரு துணிக்கூரையை இரண்டு மூலைகள் உயர்ந்தும் இரண்டு தாழ்ந்தும் இருக்குமாறு இழுத்துக் கட்டிக் காட்டினார். அப்படிக் கட்டினால் துணி ஒருவாக்கில் குழிந்தும் குறுக்குவாக்கில் புடைத்தும் நிற்கும். ஒன்று மேலிருந்து வரும் பாரத்தை ஏற்க, மற்றது கீழிருந்து வரும் தூக்கலை எதிர்க்கும். வண்டிக்கூரையில் இதன் எளிய வடிவம், வெளிக்கால்களில் ஒன்றைத் தாழ்த்தி இழுத்துக் கட்டுவது. மழைநீரும் அந்த மூலை வழியே வடியும். வடியாவிட்டால் ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் தேங்கும் தண்ணீரே 50 கிலோ.

எந்தத் துணி வாங்குவது என்பதைப் பருவம் சொல்லிவிடும். ஆடிக்காற்றுக்கு நிழல்வலை ஏற்றது. அதன் கண்கள் வழியே காற்று ஊடுருவி வெளியேறுவதால் மேலும் கீழும் அழுத்த வேறுபாடு குறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்கு பிவிசி பூசிய நீர்புகாத் துணி வேண்டும். கயிறு பாலியெஸ்டராக இருப்பது நல்லது. நைலான் நனைந்தால் நீண்டு தொய்ந்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஓர் எல்லை உண்டு. கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி, மதுரைக்குக் கணக்கில் கொள்ளச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். துணிக்கூரை அதற்குப் பிறந்ததன்று. திராட்சைப் பந்தலைச் சுருட்ட முடியாது. அதனால்தான் அதற்குக் கல்தூணும் புதைகல்லும். வண்டிக்கூரையைச் சுருட்டலாம். துணி படபடக்கத் தொடங்கும்போதும், இரவு படுக்கப் போகும்போதும், வண்டியை விட்டு ஊருக்குள் நடக்கும்போதும் அதைச் சுருட்டிவிட வேண்டும். பத்து நிமிட வேலைதான். அதைச் சோம்பலில்லாமல் செய்கிறவருக்கே கம்பத்துக் காற்றில் கூரை விரிக்கும் தகுதி உண்டு.