வெட்டிய அட்டையில் தேதி எங்கே?

தென்காசியில் மீந்த மாத்திரையைக் குப்பையில் போட்டால் என்ன? மழை கரைத்துக் கொண்டுபோகும் மருந்து, குற்றாலத்தில் அருவியாக விழுந்து ஊரைக் கடக்கும் சிற்றாறு வழியே தாமிரபரணியைச் சேரலாம். ஆன்டிபயாட்டிக் கொஞ்சம் கலந்தாலும் போதும், அதைத் தாங்கிப் பிழைக்கும் கிருமிகள் பெருகும்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளம் 2025இல் கோழிக்கோட்டில் 'என்பிரவுட்' திட்டத்தைத் தொடங்கியது. வீடுகளில் மீந்த மருந்தைத் திரட்டி எரியூட்டும் ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

இப்படித் திரளும் குவியலில் இன்னும் பயன்படும் மருந்தைப் பிரித்தெடுக்கத்தான் செயற்கை நுண்ணறிவு உதவும். கேமரா மாத்திரை அட்டையைப் படமெடுக்கும். மென்பொருள் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்து, தானத்துக்கா எரிக்கவா என்று ஒதுக்கும். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் பார்கோடு அல்லது கியூஆர் குறியீடு கட்டாயம் என்பதால் வேலை சுலபம்தான். ஆனால் நாம் நாலு மாத்திரை வெட்டி வாங்குகிறவர்கள். தேதி பல நேரம் கடையிலேயே தங்கிவிடும்!

இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருந்ததா, வெயிலில் கிடந்ததா? படம் அதைச் சொல்லாது. பிரித்த பாட்டிலின் சிரப்பும் அப்படித்தான். ஆகவே கணினி 'சரி' என்றாலும், மருந்தாளுநர் பார்க்காமல் எதையும் தானமாகக் கொடுக்கக் கூடாது என்பேன்.