காலியத்துக்குன்னு ஏன் ஒரு சுரங்கம் இல்ல?

போன எபிசோடுல காலியம் நைட்ரைடு சார்ஜர் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு சேலையூர்ல இருந்து ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க: "அண்ணா, அந்தக் காலியத்தை எங்க தோண்டுறாங்க?"

எங்கயும் தோண்டுறதில்ல. அதான் இன்னைக்கு மேட்டர்.

நம்ம குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால. அந்தக் குரோமியத்துக்கு ஒடிசாவுல சுகிந்தா பக்கம் தனிச் சுரங்கமே இருக்கு. காலியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஆனா ஜிஎஸ்டி ரோட்டு எல்இடி விளக்குலயும் அது இருக்கு, உங்க கையில இருக்கிற போன்ல சிக்னல் அனுப்புற சிப்லயும் இருக்கு. 30 டிகிரிக்குக் கொஞ்சம் கீழயே உருகிடுற உலோகம் இது. மே மாசம் தாம்பரத்துல அலமாரியில வெச்சா தண்ணியாத்தான் நிக்கும்.

அலுமினியத் தாதுவான பாக்சைட்ல, உலகச் சராசரியா டன்னுக்குச் சுமார் 50 கிராம் காலியம் இருக்கு. அதுக்காக மட்டும் மலையை வெட்டினா கட்டுப்படியாகாது. அதனால அலுமினியம் எடுக்கிற வழியிலயே இதையும் பிடிக்கணும்.

பாக்சைட்டை அரைச்சு, சூடான காஸ்டிக் சோடாவுல கரைப்பாங்க. இரும்பெல்லாம் கரையாம செஞ்சேறா ஒதுங்கிடும். தனிம அட்டவணையில காலியம் அலுமினியத்துக்கு நேர் கீழ்வீடு, குணமும் கிட்டத்தட்ட அதேதான். அதனால அதுல ஒரு பகுதி அலுமினியத்தோட சேர்ந்து கரைஞ்சிடும். அலுமினியத்தைப் படிய வெச்சு எடுத்துட்டு, அதே காஸ்டிக்கை அடுத்த லோடுக்குத் திரும்ப ஊத்துவாங்க. தினம் மீந்த குழம்பைச் சேர்த்துச் சேர்த்துச் சுண்டவைக்கிற மாதிரி, ஒவ்வொரு சுத்துலயும் காலியம் ஏறிக்கிட்டே வரும். லிட்டருக்கு 100, 200 மில்லிகிராம் ஆனதும், ரெசின் வெச்சோ மின்சாரம் பாய்ச்சியோ பிரிச்சிடலாம். காரைக்குடியில இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இதுல வேலை பண்ணியிருக்காங்க.

நம்ம ஊர்லயே இது நடந்திருக்கு. மேட்டூர்ல மால்கோன்னு ஒரு அலுமினிய ஆலை இருந்துச்சு. ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட் அங்கதான் போகும். அங்க ஒரு காலத்துல காலியமும் எடுத்தாங்க. 2008 கடைசியில அலுமினிய உற்பத்தி நின்னுபோச்சு. அதுக்கப்புறம் மேட்டூர்ல காலியம்ங்கிற பேச்சுக்கே இடமில்ல. அதுக்குன்னு தனியா யாரும் பூட்டுப் போடல; தாய்ப்பொருள் போனா துணைப்பொருளும் போச்சு.

இதோட மறுபக்கம் இன்னும் சிக்கல். பொதுவா விலை ஏறினா உற்பத்தி ஏறணும் இல்லையா? இங்க ஏறாது. ஒரு டன் அலுமினியத்துக்கு நாலஞ்சு டன் பாக்சைட் வேணும். அதுல இருக்கிற மொத்தக் காலியமே 200, 250 கிராம்தான். அதை நம்பி யாரும் புதுசா ஒரு ஆலை கட்ட மாட்டாங்க. ஏற்கெனவே ஓடுற ஆலையில பிரிக்கிற யூனிட் மாட்டியிருக்கணும். சீனா அதைத்தான் பண்ணுச்சு. உலக அலுமினாவுல பாதிக்கு மேல அவங்ககிட்ட. முதல்நிலைக் காலியத்துல சுமார் 98 சதவீதம் அவங்களோடது. 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து ஏற்றுமதிக்கு லைசென்ஸ் வேணும்னு சொன்னதும் சிப் கம்பெனிகள் எல்லாம் ஆடிப்போச்சு. அதே வருஷம் இந்தியா வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியல்லயும் காலியம் இருக்கு.

"அப்போ கொல்லிமலையை மறுபடி தோண்டலாமே"ன்னு கமென்ட்ல சிலர் கேட்பீங்க. எனக்கு அதுல உடன்பாடில்ல. இந்தியாவுல வருஷத்துக்கு 2 கோடி டன்னுக்கு மேல பாக்சைட் ஏற்கெனவே தோண்டுறாங்க. அந்த 50 கிராம் கணக்கைப் போட்டுப் பாருங்க: 1,000 டன் காலியம். உலகம் முழுக்க ஒரு வருஷத்துல எடுக்கிறதே அதைவிடக் கம்மி. எல்லாமே கைக்கு வராது, செஞ்சேறோட ஒட்டிக்கிட்டுப் போற பங்கு நிறைய. ஆனா ஒடிசா ஆலைகள்ல சுத்திக்கிட்டிருக்கிற காஸ்டிக்ல இருந்து எடுக்க, புதுசா ஒரு மலையைத் தொட வேண்டியதே இல்ல. பிரிக்கிற யூனிட்டுக்கு யார் காசு போடுறதுங்கிறதுதான் கேள்வி. அலுமினிய கம்பெனிக்கு இது சில்லறை வருமானம். அதனால முதல் சில வருஷத்துக்கு அரசு விலை உத்தரவாதம் கொடுக்கணும்ங்கிறது என் கருத்து.