காற்றுக்கு அஞ்சும் கிருமிகள்

ஊசிப்போன வெண்ணெயின் வாடைக்குக் காரணம் ப்யூட்டிரிக் அமிலம். அதை உண்டாக்கும் நுண்ணுயிரிகளை 1861-இல் லூயி பாஸ்டர் நுண்ணோக்கியில் பார்த்தார். துளியின் நடுவில் அவை துடிப்பாக நீந்தின. காற்று படும் ஓரத்திலோ அசையாமல் கிடந்தன. காற்றே ஆகாத உயிர்களும் உண்டு என்று அன்று தெரியவந்தது.

ஆக்சிஜன் இயல்பிலேயே முரட்டு வாயு. அது செல்லுக்குள் புகுந்தால் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுகள் பிறக்கும். அவற்றை முறிக்கும் நொதிகள் நம் செல்களில் உண்டு, காசநோய்க் கிருமியிடமும் உண்டு. அதனால் ஆக்சிஜன் நிறைந்த நுரையீரலில் அது சுகமாக வளர்கிறது. டெட்டனஸ் கிருமிக்கு அந்தத் தற்காப்பு போதாது.

இடைப்பட்டவையும் பல. நம் குடலில் வாழும் ஈ.கோலை ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தயார். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) வரை எடுக்கும், நொதித்தலில் 2 அல்லது 3 கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டோபேசிலஸ் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதில்லை, இருந்தாலும் கவலைப்படுவதில்லை.

விசித்திரமானது வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், ஆனால் 5 சதவீதம் அளவில் கொஞ்சமாக; நாம் சுவாசிக்கும் 21 சதவீதம் ஒத்துக்கொள்ளாது. வளர்ச்சியும் மந்தம். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் அதை வளர்க்க முயன்றபோது, வழக்கப்படி இரண்டு நாளில் தட்டுகளை வீசிவிடுவார்கள். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கூடுதல் நாட்கள் கிடந்தது, கிருமி வளர்ந்துவிட்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விடுமுறைக்கும் அதில் பங்குண்டு என்பேன்.

நமக்கு நேரடியாக உதவுவது டெட்டனஸ் சங்கதிதான். துருப்பிடித்த ஆணி குத்தினால் ஆபத்து என்பார்கள். துருவுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. மண்ணிலும் சாணத்திலும் இந்தக் கிருமி வித்தாக உறங்குகிறது. வித்தைக் காற்று ஒன்றும் செய்யாது. ஆணி அதை ஆழத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே திசு செத்து, ரத்த ஓட்டம் நின்று, ஆக்சிஜன் வற்றியதும் வித்து விழித்து நஞ்சைச் சுரக்கிறது. மேலோட்டமான சிராய்ப்பைவிட, சிறிதாகத் தெரியும் ஆழமான குத்துக்காயம் மோசமானது இதனால்தான்.

அப்படிக் காயம் பட்டால் சாணமோ மண்ணோ அப்பாதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் சென்று அந்த ஊசி மீண்டும் வேண்டுமா என்று கேளுங்கள்.