ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

திருப்பூர், அவினாசி, பல்லடம் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் கணக்கெழுதும் டாலியும், கட்டிங் பிரிவின் பேட்டர்ன் மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே ஓடுவதால், அதை அகற்றிவிட்டு முழுமையாக லினக்ஸுக்கு மாறுவது சிறு நிறுவனங்களுக்கு எளிதன்று. ஆயினும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடோ பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. இந்நிலையில், டாலிக்கு விண்டோஸையும் இணையப் பணிகளுக்கு லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வது தக்க வழியாகும். தமிழ்நாட்டுக்கு இது புதிதுமன்று. 2011இல் அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது.

இம்முறையில் எழும் தடைகளுள் பெரும்பாலானவை, இரண்டு இயங்குதளங்களும் பொதுவாகப் பயன்படுத்தும் வன்தட்டு, தொடக்க நிரல், கடிகாரம் ஆகியவற்றை வெவ்வேறு விதமாகக் கையாள்வதால் விளைகின்றன. பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்ட வன்தட்டு நான்கு முதன்மைப் பகுதிகளை மட்டுமே ஏற்கும் என்பதால், விண்டோஸ் அந்நான்கையும் எடுத்துக்கொண்டிருந்தால் காலியிடம் இருந்தும் லினக்ஸை நிறுவ இயலாது. விண்டோஸ் புதிய யூஇஎஃப்ஐ முறையிலும் லினக்ஸ் பழைய பயாஸ் முறையிலும் நிறுவப்பட்டால், எதைத் திறப்பது என்று கேட்கும் தொடக்கப் பட்டியலில் விண்டோஸ் தோன்றாமலே போகக்கூடும். பகுதிகளை மாற்றுமுன் டாலித் தரவை வேறொரு வட்டில் படியெடுத்து வைப்பது கட்டாயம். ஆண்டுக்கணக்கான பில்களை இழந்தபின் எந்த நுட்பமும் பயன்படாது.

விண்டோஸ் 8 முதல் வழக்கிலுள்ள விரைவுத் தொடக்க வசதி, கணினியை முழுமையாக அணைக்காமல் அதன் நிலையை வட்டில் உறையவைப்பதால், விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும். அவ்வசதியை நிறுத்தினால் இத்தடை நீங்கும். பிட்லாக்கர் குறியாக்கம் உள்ள கணினியில் பாதுகாப்புத் தொடக்க அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கப்படலாம் என்பதால், அதை முன்னரே எழுதி வைத்துக்கொள்வது அவசியம். எல்லாம் சரியாக நிறுவப்பட்ட பின்னரும் இடர் வரலாம்: 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, இரட்டை இயங்குதளக் கணினிகளை விட்டுவிடும் நோக்கத்துடன் வடிவமைக்கப்பட்டிருந்தும், அவற்றுள் பலவற்றை அடையாளங்காணத் தவறி லினக்ஸ் தொடங்குவதையே தடுத்தது.

கடிகாரச் சிக்கல் சிறியதாகத் தோன்றினாலும் பனியன் தொழிலுக்கு அதுவே மிகுந்த தொல்லை தரவல்லது. கணினியின் உட்கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் எழுதுகின்றன. ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியவுடன் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டும். நைட் ஷிப்டில் அதிகாலை 2 மணிக்கு எழுதப்படும் டெலிவரி சலான், கணினியின் நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், முந்தைய நாள் இரவு 8.30 என்று பதிவாகிவிடும். உட்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளுமாறு லினக்ஸின் முனையத்தில் ஒரேயொரு கட்டளை கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டும்; மாதக் கணக்கு முடிக்கும் நாளில் பிழை தெரியவரும் வரை காத்திராமல், நிறுவிய அன்றே இதைச் செய்துவிடுவது நலம்.