பாகுக்கு ஏற்ற பம்பு

சர்க்கரை ஆலையின் மொலாசஸ் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்பைப் பொருத்தினால் மோட்டார் சுற்றும். பாகு பெயருக்குத்தான் வரும். இம்பெல்லர் திரவத்தை வேகமாக வீசித்தான் அழுத்தம் உண்டாக்குகிறது. கெட்டியான பாகில் அந்த வேகம் உராய்விலேயே தீர்ந்துபோகிறது. 20 டிகிரியில் தண்ணீரின் பிசுக்குமை சுமார் 1 சென்டிபாய்ஸ். மொலாசஸுக்கோ அது ஆயிரக்கணக்கில். குதிரைத்திறனைக் கூட்டினால் கரண்ட் பில்தான் கூடும்.

இங்கே வேண்டியது ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அளவை அள்ளித் தள்ளும் பம்பு: கியர், லோப், ஸ்க்ரூ வகைகள். இவற்றுக்குக் கெட்டித்தன்மை ஒருவகையில் நல்லதே, உள்ளிடுக்குகளில் பின்னோக்கிக் கசிவது குறையும்.

ஆனால் பெரும்பாலான தொல்லை பம்பில் இல்லை, சக்‌ஷன் பைப்பில் இருக்கிறது. பம்பு திரவத்தை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தமும் தொட்டியின் மட்டமும்தான் அதை உள்ளே தள்ளுகின்றன. காற்று தருவது சுமார் 1 பார், அவ்வளவே. எனவே தொட்டி பம்புக்கு மேலே இருக்கட்டும். பைப் குட்டையாக, பருமனாக, வளைவு குறைவாக இருக்கட்டும். பாகு போல நிதானமாக ஓடும் திரவத்தில் பைப்பின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். பைப்பில் மிச்சம்பிடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. சரளைக்கல் உருள்வது போல பம்பு இரைந்தால் உள்ளே போதிய பாகு வரவில்லை என்று அர்த்தம்; வேகத்தைக் குறையுங்கள். கெட்டித் திரவத்துக்குப் பெரிய பம்பை மெதுவாக ஓட்டுவதே முறை.

சூடாக்கினால் பாகு இளகும், உண்மைதான். ஆனால் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மொலாசஸ் சிதைந்து நுரைத்துப் பொங்கலாம். நீராவியை நேராக உள்ளே விட்டால் தண்ணீர் சேர்ந்து புளிக்கவும் கூடும். காயில் வழியாகச் சூடேற்றுவதே நல்லது.

சென்ட்ரிஃபியூகலில் பழகிய ஆபரேட்டர் டெலிவரி வால்வை மூடிவைத்து ஸ்டார்ட் பண்ணுவார். கியர் பம்பில் அதைச் செய்தால் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பைப்போ ஷாஃப்டோ போய்விடும். ரிலீஃப் வால்வு இல்லாமல் இந்த வகைப் பம்பை ஓட்டவே கூடாது. வெறுமனே சுற்றவிடுவதும் ஆகாது. பாகுதான் இதற்கு உயவு எண்ணெய்.

விலை கேட்கும்போது ஓட்டத்தையும் அழுத்தத்தையும் மட்டும் எழுதாதீர்கள். குளிர்ந்த காலையில் பாகு எத்தனை டிகிரியில் இருக்கும், அப்போது அதன் பிசுக்குமை என்ன என்பதையும் எழுதுங்கள். மோட்டாரை அந்த நிலைக்குத்தான் தேர்வு செய்ய வேண்டும்.