தாத்தாவும் திருச்சிச் சுருட்டும்

எங்கள் கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அங்கு உழைத்த தாத்தாவுக்கு மிஞ்சியவை கல்தூசி படிந்த நுரையீரலும், உறையூர்ச் சுருட்டின் மேல் மோகமும்தாம். சர்ச்சில் விரும்பிய திருச்சிச் சுருட்டு அதுவே!

"புகையை நெஞ்சுக்கு இழுக்கலாகாது, நாக்கிலே நிறுத்தணும்" என்பார். இரசாயனம் பயிலும் எனக்கு இன்று காரணம் விளங்குகிறது. உலர்த்திக் குவித்துப் பதம்செய்த சுருட்டு இலையில் சர்க்கரை மிகக் குறைவு. புகை காரத்தன்மை கொள்கிறது. ஆகவே நிக்கோட்டின் வாய்ச் சவ்விலேயே ஊறிவிடும். சிகரெட்டுப் புகையோ அமிலஞ்சார்ந்தது. நெஞ்சுக்குள் போனால்தான் போதை.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். வாய்ப்புற்று மட்டும் பொறுமைசாலிகளையும் விடுவதில்லை.

தாத்தா இப்போது பற்றவைப்பதில்லை. முகர்ந்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுகிறார்.